முதுகுக்கு அளவெடுத்த பை

எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடைக்குழுவில் புதிதாகச் சேர்ந்த தங்கைகள் இருவர், அடுத்த ஆண்டு குனோங் தாஹான் ஏறப் போவதாகச் சொல்லி, அதற்கு எந்த முதுகுப்பையை வாங்கலாம் என்று கேட்டார்கள். சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிவரும் நேரத்துக்குள் சொல்லி முடிக்க முடியாத அளவுக்கு எனக்கு அதில் அனுபவம் இருக்கிறது. அனுபவம் என்று நான் மரியாதையாகக் குறிப்பிடுவது, எட்டு ஆண்டுகளில் மூன்று பைகள் வாங்கி, அவற்றுள் இரண்டைத் தவறாக வாங்கியதைத்தான்.

முதல் பை 70 லிட்டர் கொள்ளளவு. வெறும் பையே 2.4 கிலோ. அதைச் சுமந்துகொண்டு லொம்போக் தீவின் ரிஞ்சானி மலைக்குப் போனேன். அங்கே கூடாரத்தையும் சமையல் பொருள்களையும் மூங்கில் கழியின் இரு முனைகளிலும் கூடை கட்டித் தோளில் சுமந்து செல்லும் சுமைதூக்கிகள் இருக்கிறார்கள். ஆகவே என் பை பாதி காலியாகவே 3,726 மீட்டர் உச்சியின் அடிவாரம்வரை வந்தது. அதன் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பை கனமாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. உடனே நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, 800 கிராம் எடையில், பையை உள்ளிருந்து விறைப்பாகத் தாங்கும் சட்டகமே இல்லாத, இணையத்தில் எல்லாரும் புகழ்ந்த ஒரு மெல்லிய பையை வாங்கினேன்.

அதைத்தான் குனோங் தாஹானுக்கு எடுத்துச் சென்றேன். தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான அந்த மலையின் உயரம் 2,187 மீட்டர்தான் என்றாலும், மெராப்போ வழியாகப் போய்த் திரும்பவே மூன்று, நான்கு நாள் ஆகும். நம் சுமையை நாமே சுமக்க வேண்டும். கெம் கோர் முகாமை நெருங்கும்போதே என் இடக்கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. பையில் விறைப்பான பாகம் எதுவும் இல்லாததால், சுமை ஏறியவுடன் அது சாக்குமூட்டைபோலச் சரிந்து, முழு எடையையும் தோளிலேயே தொங்கவிட்டது. அன்று இரவு கூடாரத்துக்குள் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பையில் நான் மிச்சப்படுத்திய 1,600 கிராமைப் பற்றி நினைத்துச் சிரிப்புத்தான் வந்தது.

ஊர் திரும்பியதும், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். சமையலறைத் தராசில் ஒவ்வொரு பொருளையும் நிறுத்து எழுதினேன். கூடாரத்தில் என் பங்கு 1.1 கிலோ, உறங்கு பை 700 கிராம், பாய் 500 கிராம், மழைச்சட்டை உட்பட உடைகள் 1.8 கிலோ, அடுப்பும் எரிவாயுவும் பாத்திரமும் 800 கிராம், மருந்து, தலைவிளக்கு, மின்கலம், சோப்பு என்று உதிரிகள் 1.1 கிலோ. ஆக 6 கிலோ. இதனுடன் ஒரு நாளுக்கு 650 கிராம் வீதம் நான்கு நாள் உணவு 2.6 கிலோ, தண்ணீர் 2 லிட்டர் என்றால் 2 கிலோ. மொத்தம் 10.6 கிலோ. பையின் எடையைக் கூட்டும் முன்பே இவ்வளவு வருகிறது. என் எடை 58 கிலோ. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் சுமப்பது நல்லது என்று நடையர்கள் சொல்லும் வழக்கமான கணக்கின்படி, எனக்கு வரம்பு ஏறக்குறைய 11.6 கிலோ. 2.4 கிலோ பையைத் தூக்கினால் வரம்பைத் தெளிவாகத் தாண்டிவிடுகிறேன். 800 கிராம் பையைத் தூக்கினால் வரம்புக்குள் இருக்கிறேன், ஆனால் அந்தப் பையால் 10 கிலோவைத் தாங்க முடியவில்லை. ஒன்றரை கிலோவை ஒட்டிய, சட்டகமும் உண்மையான இடுப்புப்பட்டையும் உள்ள நடுத்தரப் பை எனக்கு ஏன் தேவை என்பது இந்தக் கணக்கில்தான் விளங்கியது. வரம்பைவிட அரை கிலோ கூடினாலும் பரவாயில்லை, அந்த அரை கிலோ சுமையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிவிடுமானால். ஆகவே தங்கைகளுக்கு என் முதல் பதில், பையைக் கடைசியாக வாங்குங்கள் என்பதே. உள்ளே வைக்கப்போகும் பொருள்கள் எல்லாம் கைக்கு வந்து, நிறுத்துப் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

அடுத்தது அளவு. பெரும்பாலானோர் உயரத்தை வைத்துப் பையின் அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; நானும் அப்படித்தான் செய்தேன். உயரமானவர்களுக்கு நீண்ட கால்களும் குட்டையான முதுகும் இருக்கலாம். பைக்குத் தேவை முதுகின் நீளம் மட்டுமே. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டு வரும் எலும்பிலிருந்து, இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டினால் அவை காட்டும் கோடுவரை உள்ள தூரமே அந்த அளவு. இதைத் தானே எடுத்துக்கொள்ள முடியாது. என் அம்மா ஒரு காலத்தில் அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். அவரிடம் இன்ச் டேப்பைக் கொடுத்தேன். “ரவிக்கைக்கு நிக்கிற மாதிரி நேரா நில்லு, மூச்சை இழுத்துப் பிடிக்காதே” என்று அதட்டியபடி இரண்டு முறை அளந்து, 42 செ.மீ. என்று சொன்னார். என் முதல் பையின் முதுகு நீளம் 48 செ.மீ.; மாற்றி அமைக்க வழியில்லாத ஒரே அளவு. ஆறு சென்டிமீட்டர் அதிகம்! “ஆறு சென்டிமீட்டர் நீளமா ரவிக்கை தைச்சா நீ போட்டுக்குவியா?” என்று அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அதே கூடத்தில், பழைய பையில் அம்மா இன்னொன்றையும் கண்டுபிடித்தார். இடுப்புப்பட்டையைப் பூட்டி முழுவதுமாக இழுத்த பிறகும், இரு பக்கத்துப் பஞ்சுவைத்த பகுதிகள் முன்னால் வந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அதற்கு மேல் இறுக்க வார் இல்லை. சரியாகப் பொருந்தும் பட்டையில், இறுக்கிய பின்னும் நடுவில் ஒரு கையகலமாவது இடைவெளி இருக்க வேண்டும். மூன்று நாள் நடந்தால் இடுப்பு சற்று மெலிவதும் உண்டு என்பதால், அந்த இடைவெளி ஒரு சேமிப்பு. பட்டையின் நடுக்கோடு இடுப்பெலும்பின் மேல்விளிம்பின் மீதே அமர வேண்டும். வயிற்றில் அமர்ந்தால் மூச்சு முட்டும், கீழே இறங்கினால் தொடை உரசும். நன்றாகப் பொருந்திய பையில் சுமையின் பெரும்பகுதி இந்த எலும்பின் மீதே இறங்கும். தோள்வார்கள் பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வதோடு சரி. கலிபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்ட்டி என்பவர் 1952இல் அலுமினியச் சட்டகப் பைகளை விற்கத் தொடங்கியபோது, சட்டகத்தை அவர் செய்ய, துணியை அவர் மனைவி தைத்தாராம். அந்தப் பைகளோடு பரவிய இடுப்புப்பட்டையைத்தான் இன்றைக்கு நாம் கவனிக்காமல் கடையில் பூட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். இதைக் கேட்டதும் அம்மாவுக்கு அந்த அம்மையாரின் மேல்தான் மதிப்பு வந்தது.

பெண்களுக்கென்று வரும் பைகளைச் சிலர் வெறும் நிற மாற்றம் என்று ஒதுக்குவார்கள். சில பைகளில் அது உண்மையும்கூட. ஆனால் முறையாகச் செய்யப்பட்டவற்றில் முதுகு நீளம் குறைவாகவும், தோள்வார் மார்பைச் சுற்றி வளைந்தும், இடுப்புப்பட்டை அகன்ற இடுப்புக்கேற்பச் சாய்ந்தும் இருக்கும். டாய்ட்டர் நிறுவனம் தன் பைகளில் எஸ்.எல். என்று குறிப்பது இந்த வகையைத்தான். குட்டையான முதுகுள்ள ஆண்களும் அதைத் தயங்காமல் போட்டுப் பார்க்கலாம்.

கொள்ளளவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. என் 6 கிலோப் பொருள்களுக்கு 50 லிட்டர் தாராளம். பைகளின் கொள்ளளவை 20 மி.மீ. நெகிழி உருண்டைகளை நிரப்பி அளக்கும் தரமுறை ஒன்று இருந்தாலும், எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி கணக்குச் சொல்வதில்லை. உங்கள் பொருள்களைக் கடைக்கே எடுத்துச் சென்று அடுக்கிப் பாருங்கள். எடுத்துச் சென்றபோது என்னை யாரும் தடுக்கவில்லை.

முதுகுப்புறத்தில் வலையை இழுத்துக் கட்டி, பையை உடலிலிருந்து விலக்கி நிறுத்தும் அமைப்பு நம் ஊரில் நன்றாக விற்பனையாகிறது. ஆஸ்பிரேயின் ஆரா, ஏஜா போன்ற பைகள் இந்த வகை. 65 லிட்டர் ஆரா ஏறக்குறைய 2 கிலோ, 58 லிட்டர் ஏஜா ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. சிங்கப்பூர் வெயிலில் நடப்பவர்களுக்குக் காற்றோட்டம் என்ற சொல் காதில் தேனாகப் பாயும். அன்னபூர்ணா அடிவார முகாமுக்குப் போகும் வழியில், மழைக்காலம் முடிந்த உலர்ந்த காற்றில், அது உண்மையிலேயே சுகம் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். தாஹான் காட்டிலோ காற்றே ஈரத்தால் நிரம்பியிருப்பதால், வியர்வை ஆவியாவதற்கு இடமில்லை. முதுகு எப்படியும் நனையும். அதோடு, விலகி நிற்கும் பை சுமையையும் பின்னால் தள்ளுகிறது. வேர்களைப் பிடித்து ஏறும் செங்குத்தான இடங்களில் அந்த மூன்று, நான்கு சென்டிமீட்டர் நன்றாகவே தெரியும். ஆகவே என் மூன்றாவது பைக்கு முதுகோடு ஒட்டி அமரும் வகையையே எடுத்தேன். காட்டைவிட இமயமலைப் பக்கம் அதிகம் போகிறவர்கள் மாற்றி முடிவெடுப்பதே சரி.

துணியை நெய்த நூலின் தடிமனை டெனியர் என்ற அளவில் குறிப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். உடற்பகுதி 100 முதல் 210 வரையிலும், தரையில் தேயும் அடிப்பகுதி அதைவிடக் கூடுதலாகவும் இருந்தால் போதும். நான் கவனிக்கத் தவறியது வெளிப்புறத்து வலைப்பைகளை. பிரம்புக்கொடியின் முட்கள் கொக்கிபோல் பின்னோக்கி வளைந்தவை. வலையில் ஒருமுறை மாட்டினால் முன்னால் போகப் போகக் கிழித்துக்கொண்டே வரும். கெம் குபாங் போய்ச் சேர்வதற்குள் என் மெல்லிய பையின் முன்வலை, பூனை பிராண்டிய திரைச்சீலைபோல ஆகிவிட்டது. காட்டுக்குத் துணியால் மூடிய வெளிப்பைகளே நல்லது. மழையுறை கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டியதே இல்லை. முதுகுப்பக்கமாக வழியும் நீரை எந்த உறையும் தடுக்காது. உள்ளே ஒரு தடித்த குப்பைப் பையை விரித்து, அதற்குள் பொருள்களை வைத்து வாயை முறுக்கிக் கட்டினால் ஆற்றில் விழுந்தாலும் உறங்கு பை நனையாது.

சிங்கப்பூரில் வாழ்கிறவர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. என் முதல் பையை, குண்டுவீச்சிலிருந்து தப்ப வீட்டுக்குள்ளேயே கட்டித் தரும் பாம் ஷெல்டர் அறைக்குள், பழைய பெட்டிகளுக்கும் தீபாவளிப் பாத்திரங்களுக்கும் இடையில் மடித்துச் செருகிவிட்டு இரண்டு ஆண்டுகள் மறந்துவிட்டேன். திறந்தபோது புளித்த வாடை அடித்தது. உட்புறத்தைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. வெயிலில் கருகிய தோல்போல வெள்ளைச் செதில்கள் உரிந்து கையோடு வந்தன. நீர் புகாமலிருக்கத் துணியின் உள்ளே பூசப்படும் பாலியுரித்தேன், காற்றிலுள்ள ஈரத்தாலும் வெப்பத்தாலும் மெல்லச் சிதைவதே இதற்குக் காரணம். கெட்டியான கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாக இருக்கும் அந்தச் சின்ன அறை, இதற்கு அளந்து செய்ததுபோல இருக்கிறது. சிலிக்கோன் பூச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் விலை கூடும். பழைய பொருள்களை விற்கும் கரோசல் இணையத்தளத்தில் பாதி விலைக்கு, “இரண்டே முறை பயன்படுத்தியது” என்று வரும் பைகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், நேரில் போய் உள்ளே கைவிட்டுத் துழாவி, மோந்து பார்க்காமல் வெள்ளியைக் கொடுக்க வேண்டாம். என் புதிய பை இப்போது படுக்கையறை அலமாரிக்கு வெளியே, ஆணியில் தொங்குகிறது. அழகாக இல்லை.

கடையில் மணல்பையைப் போட்டு ஐந்து நிமிடம் நடக்க விடுவார்கள். அது போதாது. திருப்பிக் கொடுக்கும் கால அவகாசத்தைக் கேட்டுக்கொண்டு, விலைச்சீட்டைக் கிழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை இரண்டைத் துவாலையில் சுற்றி உள்ளே வைத்தேன். உறங்கு பை அடியில், அரிசி நடுவில் முதுகெலும்பை ஒட்டி, லேசான துணிகள் மேலே. முதலில் எல்லா வார்களையும் தளர்த்தி, இடுப்புப்பட்டையைப் பூட்டி, பிறகு தோள்வார், அதன் பிறகு தோளின் உச்சியிலிருந்து பையின் மேல்விளிம்புக்குப் போகும் சிறு வார், கடைசியாக நெஞ்சுவார் என்ற வரிசையில் இறுக்கினேன். அந்தச் சிறு வார் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் மேல்நோக்கிப் போக வேண்டும். படுத்துக் கிடந்தால் பை உங்களுக்குக் குட்டை.

பிறகு எங்கள் புளோக்கின் படிக்கட்டில் பன்னிரண்டாவது மாடிக்கு ஏறினேன். மின்தூக்கியில் இறங்கி மறுபடி ஏறினேன். ஆறு முறை ஏறினால் புக்கிட் தீமா குன்றின் 163 மீட்டரைத் தாண்டிவிடலாம், முட்டிக்கும் சேதமில்லை. நான்காவது முறை ஏறும்போது எட்டாவது மாடி மாமா வழிமறித்து, “ஏம்மா, லிஃப்ட் கெட்டுப்போச்சா?” என்றார். பையில் என்ன என்று கேட்டார். அரிசி என்று சொன்னேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே சுமையுடன் பழைய ரயில்பாதையான பசுமைப் பாதையில் நான்கு மணி நேரம் நடந்தேன். விரல் மரக்கவில்லை, இடுப்பெலும்பின் மேல் லேசான சிவப்பு மட்டும் இருந்தது, மறுநாள் அதுவும் மறைந்தது.

300 வெள்ளியைத் தாண்டிய அந்தப் பையின் பெயரைத் தங்கைகளிடம் இன்னும் சொல்லவில்லை. என் 42 சென்டிமீட்டருக்குப் பொருந்தியது அவர்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. அளவெடுக்க அம்மாவிடம் வரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையிலும் ஒரு குறை உண்டு. பக்கவாட்டுப் பை செங்குத்தாக இருப்பதால், தண்ணீர்ப் புட்டியை நடந்தபடி எடுக்க என் கை எட்டுவதில்லை. பின்னால் வருகிறவரிடம் “அண்ணே, அந்தத் தண்ணியக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க” என்று கேட்டுத்தான் குடிக்கிறேன். இத்தனையையும் அளந்து, நிறுத்து, படியேறிப் பார்த்தவள், கடையில் ஒரு புட்டியைச் செருகிக் கையை நீட்டிப் பார்க்க மறந்துவிட்டேன்.