டாக்சிசைக்ளின் காலத்து நெஞ்செரிச்சல்: கனெக்டிகட் கோடை நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

அமெரிக்காவில் கனெக்டிகட் ஆறு கடலில் சேரும் இடத்தில் லைம், ஓல்ட் லைம் என்று இரண்டு சின்ன ஊர்கள். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய்க்குப் பெயர் கொடுத்தது இந்த மண்தான். இப்போது புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது, இளம் உண்ணிகள் திரியும் காலம். ஒவ்வொன்றும் கசகசா அளவுதான். கடித்ததே தெரியாமல் போய், ஒரு வாரம் பத்து நாளில் தோலில் சிவந்த வட்டம் விரிந்துகொண்டே வரும்போதுதான் பலரும் மருத்துவரிடம் போகிறார்கள்.

அந்த நிலையில் வழக்கமாக எழுதிக்கொடுப்பது டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், 100 மில்லிகிராம், நாளைக்கு 2 வேளை, 10 நாள். ஏற்கெனவே எதுக்களிப்பு (வயிற்று அமிலம் மேலே ஏறி வருவது) உள்ளவர்கள் மருந்துச்சீட்டை வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். மாற்று உண்டு: அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் 3 வேளை, 14 நாள். உணவுக்குழாயை அது டாக்சிசைக்ளின் போலச் சுடாது. ஆனால் அதே உண்ணி கொண்டுவரக்கூடிய அனாப்ளாஸ்மா கிருமியை டாக்சிசைக்ளின் பிடிக்கும், அமாக்சிசிலின் பிடிக்காது. அதனால் எதைத் தருவது என்பது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

மூன்றாவது மருந்து செஃபுராக்சிம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அது உடலில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் ஒமேப்ரசோலோ ஃபாமோடிடினோ சாப்பிடுகிறவருக்கு அது சரியாக ஏறாது. நெஞ்செரிச்சல் மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், சீட்டிலும் அது இருக்காது.

ஜூன் 4, செவ்வாய்

ஒரு கேப்சூலை ஈரமான உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். முதலில் வழுக்கும். அரை நிமிடத்தில் ஓடு இளகிப் பசையாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கையைக் கவிழ்த்தாலும் விழாது. ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தவரின் உணவுக்குழாயிலும் நடப்பது இதுதான். ஓடு கரைந்து உள்ளே இருக்கும் தூள் அதே இடத்தில் ஊறுகிறது. டாக்சிசைக்ளின் ஹைக்ளேட் என்ற உப்பு தண்ணீரில் கரைந்தால் கடும் அமிலம். சில மணி நேரத்தில் புண் ஆகிவிடும். நெஞ்சின் நடுப்பகுதியில், மகாதமனி உணவுக்குழாயை லேசாக அழுத்தும் இடத்தில்தான் அதிகம் சிக்கும்.

அதனால் மாத்திரைக்கு முன் 2 மடக்குத் தண்ணீர் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மாத்திரை, அதன் பின்னால் ஒரு முழு டம்ளர், அதாவது 240 மில்லி. அடுத்து ஒன்றிரண்டு வாய் உணவு. குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும். எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு நான் ஒரு மணி நேரம் என்றே சொல்வேன்.

இரவு மாத்திரையைப் படுக்கையருகே தண்ணீர் பாட்டிலோடு வைத்துக்கொள்வதுதான் எல்லாத் தவறிலும் பெரியது. அந்த வேளையை இரவுச் சாப்பாட்டோடு முடித்துவிட வேண்டும்.

கேப்சூலே ஒத்துக்கொள்ளாவிட்டால் மோனோஹைட்ரேட் வகையைக் கேட்கலாம், அதன் அமிலத்தன்மை குறைவு. திரவ மருந்தும் உண்டு. 5 மில்லிக்கு 25 மில்லிகிராம் உள்ள பாட்டில் என்றால் ஒரு வேளைக்கு 20 மில்லி. வேறு அடர்த்தியிலும் வருவதால் பாட்டிலில் உள்ளதைப் படித்துத்தான் அளக்க வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

இன்று முழுக்கக் கடிகாரக் கணக்கு. டாக்சிசைக்ளின் கால்சியம், மக்னீசியம், அலுமினியம், இரும்பு, பிஸ்மத் எதைக் கண்டாலும் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்டது ரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும். நெஞ்செரிச்சலுக்கு மென்று தின்னும் மாத்திரை கால்சியம் கார்பனேட். வெள்ளைத் திரவமாக வரும் ஆன்டாசிட்டில் மக்னீசியமும் அலுமினியமும். புண்ணுக்குத் தரும் சுக்ரால்ஃபேட்டிலும் அலுமினியம். எரிச்சலை அணைக்கிறோம் என்று இவற்றை டாக்சிசைக்ளினோடு சேர்த்து விழுங்குகிறவர் லைம் மருந்தைப் பாதி வீணாக்குகிறார். தசை வலிக்கு எடுக்கும் மக்னீசியம் மாத்திரைக்கும் இதே விதி.

ஓடக்கூடிய ஒரு நாள் இப்படி இருக்கும். காலை 6:30க்கு எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒமேப்ரசோல். 7:15க்குக் காலை உணவு, நடுவிலேயே டாக்சிசைக்ளின். 12:30க்கு மதிய உணவு. எரிந்தால் 1 மணி முதல் 3 மணிக்குள் ஆன்டாசிட், கால்சியம், மக்னீசியம் எல்லாம். மாலை 6:30க்குச் சாப்பாடும் இரண்டாவது டாக்சிசைக்ளினும். 10 மணிக்குப் படுக்கும் முன் எரிந்தால் ஆன்டாசிட் போடலாம், அதற்குள் மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும்.

ஒமேப்ரசோலைச் சாப்பாட்டுக்கு முன் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமிலம் சுரக்கும் பம்புகள் உணவு வரும்போதுதான் வேலைக்கு இறங்கும். இறங்கிய பம்பைத்தான் மருந்து பூட்டும். 30 முதல் 60 நிமிடம் முன்னால் எடுத்தால் சரியாக அந்த நேரத்தில் மருந்து போய்ச் சேரும். நெஞ்சு எரியும்போது எடுத்துப் பயனில்லை.

ஜூன் 9, ஞாயிறு

சாப்பாடு. நம்மவர் வீடுகளில் உடம்புக்கு நல்லது என்று முதலில் நினைவுக்கு வருவது கேழ்வரகுக் கஞ்சி. டாக்சிசைக்ளின் வேளையில் அது வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். மதியம் குடிக்கலாம். இந்த ஊர்க் கடைகளில் ஆரஞ்சுச் சாற்றிலும் பாதாம் பாலிலும் கால்சியம் சேர்த்தே விற்கிறார்கள், பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். ஆரஞ்சுச் சாறு நெஞ்சையும் எரிக்கும் என்பதால் அதை மொத்தமாகவே விட்டுவிடலாம்.

காலைக்கு இட்லி, அரிசிக் கஞ்சி, தண்ணீரில் வேகவைத்த ஓட்ஸ், வாழைப்பழம் ஆகியவை பலருக்கும் ஒத்துக்கொள்கின்றன. மாத்திரை குமட்டினால் ஒரு வாய்ப் பால் சேர்ந்தாலும் பரவாயில்லை, உறிஞ்சுவது கொஞ்சம்தான் குறையும். வாந்தியில் மருந்து மொத்தமும் போவதை விட அது மேல்.

புளி, தக்காளி, காபி, சாக்லேட், எண்ணெயில் பொரித்தது என்று ஒரு நீண்ட தடைப்பட்டியலை எல்லாருக்கும் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நோயால் ஏற்கெனவே மெலிந்தவர் அதனால் இன்னும் மெலிவார். ஒரு பொருளை 5 நாள் நிறுத்தி, ஆறாம் நாள் சேர்த்துப் பார்த்து, எரிந்தால் மட்டும் விலக்கினால் போதும். ஆனால் புதினா டீயை மட்டும் முதலிலேயே நிறுத்திவிடுங்கள். குமட்டலுக்கு இதமாக இருக்கும், அதே நேரம் உணவுக்குழாயின் கீழ்வாயில் இருக்கும் சுருக்குத் தசையைத் தளர்த்திவிடும்.

ஜூன் 13, வியாழன்

எரிச்சல் எல்லாம் எதுக்களிப்பு அல்ல. பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பிட்டபின், குனியும்போது, படுக்கும்போது கீழிருந்து மேலே ஏறி, வாயில் புளித்த நீர் வந்தால் அது எதுக்களிப்பு. மாத்திரை தொடங்கிய சில நாளில் திடீரென வந்து, ஒரே இடத்தை விரலால் தொட்டுக் காட்டும்படி குத்தி, எச்சில் விழுங்கினால்கூட வலித்தால் அது மாத்திரைப் புண். ஒமேப்ரசோலைக் கூட்டிக்கொண்டே போவதால் அது ஆறாது. அன்றே மருத்துவரைக் கூப்பிட்டு ஆன்டிபயாடிக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, லைம் கிருமி உள்ளே இருக்கிறது. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சில நாள் முதல் ஓரிரு வாரத்தில் புண் ஆறிவிடும்.

மூன்றாவது ஒன்று உண்டு. முதுகிலிருந்து விலாவைச் சுற்றி ஒரு பட்டை போட்டதுபோல எரிந்து, இரவில் அதிகமாகி, சாப்பாட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் வருவது. லைம் நரம்பு வேரைத் தாக்கினால் இப்படி வரும். ஆன்டாசிட்டுக்கு அது அசையாது.

ஜூன் 18, செவ்வாய்

கட்டில் வேலை. தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் மரக்கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். கட்டையின் மேல்பக்கத்தில் கட்டில் கால் உட்காரும் அளவுக்கு ஒரு குழி செதுக்கிக்கொண்டால் நழுவாது. தலையணைகளை அடுக்குவது தப்பு. கழுத்தும் இடுப்பும் மடிந்து வயிறு அழுந்தும், எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். கட்டிலை உயர்த்த முடியாதவர்கள் இடுப்பிலிருந்து சரியும் ஆப்பு வடிவ மெத்தை வாங்கலாம்.

இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். அப்போது இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தங்கும். வலப்பக்கம் படுத்தால் அமிலம் வாசலிலேயே நிற்கும். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி வேண்டும். லைம் களைப்பில் மாலையிலேயே உடம்பு சாயும், சாப்பிட்ட கையோடு சோபாவில் படுக்கத் தோன்றும். சாய்வு நாற்காலியில் முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடலாம்.

ஜூன் 24, திங்கள்

இதை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது. லைம் கிருமி இதயத்தின் மின்கடத்தும் பாதையைத் தாக்கலாம். பதிவாகும் நோயாளிகளில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு. நெஞ்சு அழுத்தம், படபடப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல், மயக்கம் எல்லாம் வரும். மின்கடத்தலில் ஏற்படும் அடைப்பு சில மணி நேரத்தில் கூடும், குறையும். 'நேற்று சரியாகிவிட்டது, அது கேஸ்தான்' என்று விடுவது உயிருக்கு ஆபத்து. இ.சி.ஜி. ஒரு சில நிமிட வேலை. அதில் தெரியும் பி.ஆர். இடைவெளி (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின் அலை போகும் நேரம்) 300 மில்லிசெகண்டைத் தொட்டாலே மருத்துவமனையில் சேர்த்து இதயத் துடிப்பைத் திரையில் கவனிக்கச் சொல்கிறார்கள். மயங்கி விழுந்தால் காரில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டாம், 911 கூப்பிடுங்கள்.

சேர்த்தவர்களுக்கு நரம்பு வழியாக செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம், நாளைக்கு ஒரு வேளை ஏறும். அது பித்தப்பையில் வண்டலாகப் படியலாம். சாப்பிட்டபின் வலது விலாவின் கீழே வலி, குமட்டல். இதையும் எதுக்களிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடும், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

ஜூலை 2, செவ்வாய்

அதே உண்ணி பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணியையும் கொண்டுவரலாம். காய்ச்சலும் குளிரும் வியர்வையும் மாறி மாறி வந்தால் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்வார்கள். இருந்தால் அடோவகோன், பளிச்சென்ற மஞ்சள் திரவம், 5 மில்லியில் 750 மில்லிகிராம், நாளைக்கு 2 வேளை, கூடவே அசித்ரோமைசின். எதுக்களிப்பு உள்ளவருக்கு இது பெரிய சங்கடம். அடோவகோன் ஏறக் கொழுப்பு வேண்டும், கொழுப்போ வயிற்றில் நெடுநேரம் தங்கி எதுக்களிக்க வைக்கும். வெறும் வயிற்றில் குடிப்பது மட்டும் கூடாது, மருந்து வீண். அளவாக ஒரு அவகாடோ, அல்லது 2 மேசைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி. பொரித்த சிக்கனை விட இவை லேசாக இறங்கும். மாலை வேளையை 6 மணிக்கே முடித்துவிட்டால் படுக்கும்போது வயிறு ஓரளவு காலியாகியிருக்கும்.

ஜூலை 10, புதன்

முழங்கால். 1975இல் இந்த ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியதைத் தொடர்ந்துதான் இந்த நோயே ஆராய்ச்சிக்கு வந்தது. கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் கண்டுபிடித்து 1982இல் வெளியிட்டார்கள். மூட்டுக்கு 28 நாள் டாக்சிசைக்ளின் தருவார்கள், ஆக உணவுக்குழாய்க்கும் 28 நாள் சோதனை. அதன் மேல் வலிக்கு ஐப்யூப்ரோஃபென், நாப்ராக்சென் சேர்ந்தால் இரைப்பையின் சளிப்படலமும் மெலிந்துபோகும். பாரசிடமால் (இங்கே அசிட்டமினோஃபென் என்று விற்கும்) வயிற்றுக்கு இவற்றை விட நல்லது. ஒரு நாள் மொத்தம் 3 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. காய்ச்சல், சளி மருந்துகளிலும் அது ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டைக்ளோஃபெனாக் 1 சதவீத ஜெல்லைத் தடவினால் ரத்தத்தில் ஏறுவது மாத்திரையை விடப் பல மடங்கு குறைவு. பெட்டியோடு வரும் அளவு அட்டையில் 4 கிராம் பிதுக்கி முழங்காலில் நாளைக்கு 4 முறை தடவலாம் என்பது கணக்கு. மருத்துவர் சம்மதம் வேண்டும்.

தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் அமிட்ரிப்டிலின் தந்தால், அதுவும் சுருக்குத் தசையைத் தளர்த்தி எச்சிலை வற்றச் செய்யும். அதைத் தொடங்கியபின் எதுக்களிப்பு கூடினால் தேதியோடு எழுதிவைத்துக் காட்டுங்கள்.

ஜூலை 21, ஞாயிறு

பின்னேரம் தோட்டங்களில் பார்பிக்யூ வாசனை. மாட்டிறைச்சி, பன்றி, ஆட்டிறைச்சி சாப்பிட்டு 2 முதல் 6 மணி நேரம் கழித்து, நள்ளிரவில் நெஞ்செரிச்சலோடு வயிற்றுப்பிடிப்பும் தோல் தடிப்பும் வந்தால் ஆல்ஃபா-கால் என்ற இறைச்சி ஒவ்வாமையை நினைக்க வேண்டும். அது இங்கே பெரும்பாலும் லோன் ஸ்டார் என்ற வேறொரு உண்ணியின் கடியால் வருவது, லைம் அல்ல. ஆனால் ஒரே ஆளை இரண்டு உண்ணியும் கடிக்கலாம். இவர்களில் சிலருக்கு விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆன கேப்சூலே ஒத்துக்கொள்ளாது. ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஒமேப்ரசோல் தொடங்கி 8 வாரம். ஆன்டிபயாடிக் முடிந்து எரிச்சல் அடங்கியவர்கள் இப்போது அதைக் கழற்றப் பார்க்கலாம். அமிலத்தடை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் சேரும்போது குடலில் சி. டிஃபிசில் கிருமி கிளம்பும் வாய்ப்பு கூடும், ஆன்டிபயாடிக் முடிந்து சில வாரம் கழித்தும் வரலாம். ஒரு நாளில் 3 முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் பேதியை நிறுத்தும் மாத்திரை போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒரேயடியாக நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலம் முன்பை விட வேகமாகச் சுரக்கும். பலரும் இதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். 40 மில்லிகிராம் என்றால் 20க்கு இறக்கி 2 வாரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் 2 வாரம். இடைநாளில் எரிந்தால் ஃபாமோடிடின் 20 மில்லிகிராம். அதைத் தினமும் எடுத்தால் ஓரிரு வாரத்தில் உடம்பு பழகி வேலை குறையும், அதனால் தேவையான நாளுக்கு மட்டும். எண்டோஸ்கோப்பியில் கடுமையான புண்ணோ பாரெட் மாற்றமோ (உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போவது) கண்டவர்கள் கழற்றவே கூடாது.

இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்குச் சோதனை எழுதியிருந்தால் தேதியைத் தள்ளி வாங்குங்கள். மூச்சு, மலச் சோதனைக்கு முன் ஒமேப்ரசோலை 2 வாரமும், ஆன்டிபயாடிக், பிஸ்மத் இரண்டையும் 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று வரும். ஜூலை 10இல் தொடங்கிய 28 நாள் டாக்சிசைக்ளின் நாளை முடிகிறது என்றால், செப்டம்பர் 4க்கு முன் அந்தச் சோதனைக்குப் போவதில் பொருள் இல்லை.

விழுங்கும்போது உணவு நின்று நின்று இறங்கினாலோ, எடை தானாகக் குறைந்தாலோ, வாந்தியில் ரத்தமோ கருப்பு மலமோ வந்தாலோ இந்தக் காத்திருப்பு எதுவும் பொருந்தாது. இரும்பும் பிஸ்மத்தும் மலத்தைக் கருப்பாக்கும் என்பது உண்மை, ஆனால் அவை இரண்டையும் எடுக்காதவருக்குத் தார் போலப் போனால் அன்றே மருத்துவமனை.