சத்தம் மட்டும் வருது, ஆளக் காணோம்

நேத்து ராத்திரி மழை விட்டதும் பின்னாடி தொட்டிகிட்ட ஒரே சத்தம்.

டார்ச்ச எடுத்துட்டுப் போனா கப்சிப். லைட்ட அணைச்சா மறுபடி ஆரம்பிக்குது.

காலைல பாத்தா தொட்டிச் சுவத்துல, தண்ணிக்கு ஒரு ஜாண் மேல, சோப்பு நுரை மாதிரி வெள்ளையா ஒரு கட்டி. மரத்தவளை முட்டை!

ஆள் சிக்கல, தடயம் சிக்கிருச்சு.

இந்த நுரைகூட இல்லேன்னாலும் தண்ணியே காட்டிக் குடுத்துடும். 2008ல வந்த ஒரு ஆய்வுக்காக பிரான்ஸ்ல விஞ்ஞானிங்க இதத்தான் பண்ணாங்க. அமெரிக்காலேர்ந்து வந்து பெருகுன புல்ஃப்ராக்ங்கற பெரிய தவளை எந்தெந்த குளத்துல இருக்குன்னு பாக்க ஒரு சாம்பிளுக்கு வெறும் 15 மில்லி தண்ணி (இருமல் மருந்து மூடில ஒண்ணரை மூடி வருமா?), அதுல தோல், சளி, கழிவுன்னு உதிர்ந்து கலந்த டிஎன்ஏவ பிசிஆர்ல (டிஎன்ஏவ நகலெடுத்துப் பெருக்கற லேப் முறை) பெருக்கிப் பாத்தா, தவளை ரொம்ப கம்மியா இருந்த குளத்துலயும் மாட்டிக்கிச்சு.

எத்தனை இருக்கு, உசுரோட இருக்கான்னெல்லாம் தண்ணி சொல்லாது. ஆனா வலை போடாம, குளத்தக் கலக்காம, ஒண்ணையும் தொந்தரவு பண்ணாம "இங்க இருக்கு"ன்னு தெரியுதே, அதுவே பெருசு இல்லையா?

இங்க அம்மா பிளீச்சிங் பவுடரோட நிக்கறாங்க.

தலைப்பிரட்டை தண்ணில விழட்டும், ஒரு வாரம் பொறும்மான்னு கெஞ்சிட்டிருக்கேன்.