செல்ஃப் எடுக்காத காரும் கடைமடைத் தண்ணீரும்

ஐப்பசி அடைமழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு காலையில், அப்பாவைக் கண் பரிசோதனைக்காகத் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டால்தான் நேரத்துக்கு டோக்கன் வாங்க முடியும். சாவியைத் திருப்பினேன். பானெட்டுக்குள்ளிருந்து "டக்" என்று ஒரே ஒரு சத்தம் வந்தது, இன்ஜின் சுழலவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் தம் காரை அருகில் கொண்டுவந்து நிறுத்த, ஜம்பர் கேபிள் மாட்டினோம். சிவப்புக் கேபிள் இரண்டு பேட்டரிகளின் பாசிட்டிவ் முனைகளையும் இணைத்தது. கறுப்புக் கேபிளின் ஒரு முனையை அவர் பேட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையை என் பேட்டரியில் அல்லாமல் இன்ஜினின் உலோகத்திலும் கவ்வவைத்தோம். பேட்டரியிலிருந்து கசியக்கூடிய ஹைட்ரஜனுக்கு அருகில் பொறி பறக்கக் கூடாது என்பதற்காகச் சொல்லப்படும் முறை அது. முதல் திருப்பலிலேயே வண்டி கிளம்பிவிட்டது. அந்த ஒரு வெற்றிதான் எங்கள் எல்லோரையும் ஏமாற்றியது என்பது மறுநாள்தான் எனக்கு விளங்கியது.

பரிசோதனை முடிந்து வந்து பார்த்தால் மீண்டும் அதே டக். அங்கே நின்றிருந்த ஆட்டோக்காரர்கள் தள்ளிவிட, இரண்டாவது கியரில் கிளப்பிக்கொண்டு ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஜம்பர் போட்டதும் எடுத்தது என்று நான் சொன்னவுடனே மெக்கானிக் முடிவுக்கு வந்துவிட்டார்: நான்கு வருடப் பேட்டரி, மாற்றித்தான் ஆக வேண்டும். மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. புதுப் பேட்டரி மாட்டியதும் வண்டி இரண்டு முறை நன்றாகவே எடுத்தது. சூடான இன்ஜினைச் சுழற்றுவது எளிது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலை, குளிர்ந்திருந்த வண்டி புதுப் பேட்டரியோடும் டக் என்றது.

இம்முறை பதறாமல் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பி, எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சத்தைக் கவனித்தேன். பேட்டரி செத்திருந்தால் அந்த நொடியில் வெளிச்சம் மங்கிப்போகும். பெரும்பாலும் சத்தமும் ஒன்றோடு நிற்காது, இன்ஜினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சாலினாய்டு இழுப்பதும் மின்னழுத்தம் சரிந்து விடுவதுமாக "டக்டக்டக்" என்று படபடக்கும். படபடத்தாலே பேட்டரிதான் என்றும் சொல்லிவிட முடியாது. கேபிள் இணைப்பு கெட்டாலும் அப்படிப் படபடப்பதுண்டு. அதனால் நான் சத்தத்தைவிட வெளிச்சத்தை நம்புகிறேன். என் ஹெட்லைட் சற்றும் மங்கவில்லை. பேட்டரியில் வேண்டிய அளவு மின்சாரம் இருக்கிறது, செல்ஃப் மோட்டாருக்குத்தான் போய்ச் சேரவில்லை.

திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். "மதகுல தண்ணி நிக்குது, வயலுக்கு வரலைன்னா நடுவுல எங்கயோ வெங்காயத்தாமரை அடைச்சிருக்கும் தம்பி" என்றார். மேட்டூர் அணையில் முழுதாக 120 அடி நிற்பதை மட்டும் கேட்டு, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரன் நாற்றங்கால் விட்டுவிட மாட்டான். தடை கூடினால் மின்னோட்டம் குறையும் என்ற ஓமின் விதியை எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இன்ஜினின் துருவில்லாத உலோகப் பகுதியிலும் வைத்துக்கொண்டு, அப்பாவைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடு சேர்க்கும் எர்த் இணைப்பு ஒழுங்காக இருந்தால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது, மீட்டர் 4.3 காட்டியது. சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வழியில் 0.03 ஓம் தடை இருந்தால் போதும், நாலரை வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அதே தடை 55 வாட் ஹெட்லைட் பல்பின் பாதையில் இருந்தால்கூட ஐந்து ஆம்பியருக்கும் குறைவான அந்த ஓட்டத்தில் யாருக்கும் தெரியாது. சும்மா நிற்கும் வண்டியில் பேட்டரியை அளந்து 12.6 வோல்ட் என்று திருப்திப்படுவதில் அதனால்தான் பயனில்லை. சாவி திரும்பியிருக்கும் நேரத்தில் அளக்க வேண்டும்.

உறுதிப்படுத்திக்கொள்ள, என் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இன்ஜின் உலோகத்துக்குக் கறுப்பு ஜம்பர் கேபிளை மட்டும் போட்டுப் பார்த்தேன். உடனே எடுத்தது. முதல் நாள் அண்ணனின் கார் உதவியதும் இப்படித்தான்: அது கடன் கொடுத்த மின்சாரம் என் வண்டியின் அடைபட்ட எர்த் பாதையைத் தொடாமல், கறுப்புக் கேபிள் என்ற தனி வாய்க்கால் வழியாக அதன் பேட்டரிக்கே திரும்பியதுதான் வண்டியைக் கிளப்பியது.

நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு, தடித்த எர்த் கேபிள் கியர்பாக்ஸில் முறுக்கப்பட்டிருந்த போல்ட்டைத் தேடினேன். சேறு அப்பியிருந்த அந்த இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு பூத்திருந்தது. சென்ற ஆண்டு மழையில் சக்கரம் பாதி முழுகத் தண்ணீரில் நின்ற வண்டி; போதாக்குறைக்கு வாரம் மூன்று நாள் வேதாரண்யத்து உப்பளக் காற்றில் நிற்கிறது. கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் உலோகம் மின்னும்வரை தேய்த்தேன். ஆனால் ரப்பர் உறையைக் கொஞ்சம் சீவிப் பார்த்தபோது உள்ளே செம்பு இழைகளே கறுத்திருந்ததால், அதே தடிமனில் புதுக் கேபிள் வாங்கி வந்து மாட்டி, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லைன் தடவினேன். மறுபடி அளந்தபோது 0.2 வோல்ட். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட் இருந்ததால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மீது சந்தேகம் இல்லை.

கேபிளுக்கு ஆன செலவு, பேட்டரிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்த பழைய பேட்டரியைத் திரும்பக் கேட்கலாம் என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். அது முதல் நாள் மாலையே லாரி ஏறிவிட்டதாம்.