68 படியும் ஒரு கயிறும்

ரங்கூனில் காளி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் எங்கள் வீடு. தெருவில் இறங்க 68 படி. இங்கே எல்லா வீட்டு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப். கீழே நிற்பவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர், கீரை, ரொட்டி எல்லாம் அதில்தான் ஏறி வரும். போன மழைக்காலத்தில் அந்தக் கயிற்றை நம்பியே 11 நாள் கீழே இறங்காமல் இருந்தேன். அதை வீட்டில் யாருமே கவனிக்கவில்லை. சாமான்தான் வந்துகொண்டிருந்ததே!

முழங்கால் வலி என்றுதான் ஒரு வருஷமாகத் தைலம் தேய்த்தேன். ஒரு கிளினிக்கில் முழங்காலுக்கு ஊசியும் போட்டார்கள். கடைசியில் போன டாக்டரம்மா முழங்காலை மடக்கி நீட்டினார், ஒன்றும் இல்லை. படுக்க வைத்து, காலை மடக்கி, தொடையை உள்பக்கமாகத் திருப்பினார் பாருங்கள், தொடை இடுக்கில் உயிர் போயிற்று. இடுப்பு மூட்டு தேய்ந்தால் வலி முழங்காலில் வந்து உட்காருவதும் உண்டாம். எக்ஸ்ரேயில் வலது பக்கம் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி நூல் மாதிரி தெரிந்தது.

அப்புறம் பிசியோதெரபி. முதல் நாளே அந்த பர்மியப் பெண் ஒரு தாளை எடுத்தாள். இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் ஆளை எவ்வளவு படுத்துகிறது என்று அளக்கும் கேள்வித்தாள். வோமேக் என்று பெயர், கனடாவில் உருவாக்கியது. மொத்தம் 24 கேள்வி: வலிக்கு 5, விறைப்புக்கு 2, அன்றாட வேலைக்கு 17. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க்; கூடக் கூட மோசம்.

"ஆன்ட்டி, காலுறை போடக் கஷ்டமா?"

நான் எங்கே காலுறை போட்டேன்? காலுக்குச் செருப்பு, இடுப்புக்கு லோஞ்சி, அதாவது லுங்கி மாதிரி பர்மிய உடை. "குளியல் தொட்டிக்குள் இறங்க?" அப்படி இறங்கிக் குளிக்கும் தொட்டியும் இல்லை, சிமெண்டுத் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றுகிற வீடு. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, கால் நகம் வெட்ட முடியுதா என்று மாற்றிக் கேட்டாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பல மாதமாக என் மகள்தான் வெட்டிவிடுகிறாள். லோஞ்சிக்குள் வலது காலைத் தூக்கி வைக்க முடியாமல், தலை வழியாகப் போட்டுக்கொள்கிறேன் என்பதையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கோயிலில் தரையில் சம்மணம் போடுவது, குந்தும் கக்கூஸ், டீக்கடையின் அந்தக் குட்டி ஸ்டூல், இதெல்லாம் தாளில் இல்லை. இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்குகிற எதுவும் இந்த மூட்டுக்கு ஆகாது. எங்கள் ஊரிலோ எல்லாமே அப்படித்தான். தாளின் ஓரத்தில் அவளே கையால் எழுதிக்கொண்டாள். அன்றைய மொத்தம் 96க்கு 60.

கைத்தடியை நான் வலிக்கிற பக்கமே பிடித்திருந்தேன். இடது கைக்கு மாற்றச் சொன்னாள். வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடித்தால்தான் மூட்டின் பாரம் குறையும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இந்த இரண்டும் எனக்கு மாத்திரையை விட உதவின. மாத்திரை வயிற்றை எரித்ததால் டாக்டரம்மாவிடம் சொல்லிக் குறைத்துக்கொண்டேன். கக்கூஸில் உயரமான நாற்காலி வைத்தோம், அடியில் ஓட்டை போட்டது.

உடற்பயிற்சி 12 வாரம். ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது, மல்லாந்து இடுப்பை உயர்த்துவது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. முதல் இரண்டு வாரம் வலி கூடியது, விட்டுவிடலாம் என்றே இருந்தேன். மறுநாளைக்குள் அடங்குகிற வலி என்றால் தொடரலாம் என்றாள். மின்சாரம் போன இரவுகளில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு செய்தேன்.

மறுபடி கேட்டபோது மொத்தம் 40. வலி 13லிருந்து 8, வேலை 41லிருந்து 27. விறைப்பு மட்டும் 6லிருந்து 5தான். காலையில் எழுந்ததும் ஒரு கால்மணி நேரம் இப்போதும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன். தேய்ந்தது வளராது, ராத்திரித் தூக்கம் கெட ஆரம்பித்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

கீரைக்காரி கயிற்றை இழுத்தால் இப்போது நான் பையை இறக்குவதில்லை. "இரு, வர்றேன்" என்று கத்திவிட்டுத் தடியை எடுக்கிறேன். நான் இறங்கி முடிப்பதற்குள் அவள் அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போய்விடுகிறாள் என்பது வேறு கதை.