வரப்பெலியின் பிள்ளைக் கணக்கு

மியான்மரில் பெகு பக்கம் மழைக்கால நெல்லில் கதிர் அறுபட்டுக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் பலர் எலி பிடிக்க மண்வெட்டியைத் தூக்குகிறார்கள். அதற்குள் குட்டி போட்டு முடிந்திருக்கும்.

பயிர் சூல் கட்டத் தொடங்கும்போதே, அதாவது தண்டுக்குள் கதிர் உருண்டு வரும்போதே, பெட்டை எலிகளும் சினைப்படுகின்றன. சினை ஏறக்குறைய 3 வாரம், பால்குடி இன்னொரு 3 வாரம். சூல் கட்டியதிலிருந்து அறுவடை வரைக்கும் கிட்டத்தட்ட அதே காலம்தான். நாம் அரிவாளோடு இறங்கும்போது குட்டிகள் தாமாகவே நெல் கொறிக்கும். போதாக்குறைக்கு, ஈன்ற கையோடு மறுபடி சினைப்படுவதும் எலிக்கு வழக்கம். நர்கிஸ் புயலுக்குப் பின் 2009இல் ஐராவதி டெல்டாவில் எலி பெருத்ததற்கு, ஆளுக்கொரு சமயத்தில் நட்டதும் ஒரு காரணம். ஒரு வயல் முடிந்தால் அடுத்ததில் கதிர் இருந்தது, ஈனுவது நிற்கவில்லை. அக்கம்பக்கத்து வயல்களை 2 வாரத்துக்குள் நட்டு முடிப்பது எந்த மருந்தையும் விட மேல்.

வளை வாயில் புது மண் அடைத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. கடித்து நார் நாராக்கிய நெல்தாளும் வைக்கோலும்தான் கூடு. பிறந்த குட்டிக்கு முடியும் இல்லை, கண்ணும் திறக்காது. தோல் அவ்வளவு மெல்லிசு, குடித்த பால் வயிற்றில் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். பட்டை தெரிந்தால் தாய் பால் கொடுத்து அதிக நேரமாகவில்லை. குட்டியால் தானாக மூத்திரம்கூடப் போக முடியாது. தாய் அடிவயிற்றை நக்கிவிட்டால்தான் போகும். கண் திறக்க 2 வாரம் பிடிக்கும். கூட்டை விட்டு விலகிய குட்டி குளிரில் கத்துவது நம் காதில் விழாது. தாய்க்குக் கேட்கும், கவ்விக்கொண்டு வந்து சேர்த்துவிடும்.

இதனால்தான் வளையைப் பாதி வெட்டிவிட்டு "மிச்சம் நாளைக்கு" என்று போனால் வீண். ராத்திரியோடு ராத்திரியாகத் தாய் ஒவ்வொன்றாகக் கவ்வி வேறு வளைக்கு மாற்றிவிடும். வெட்டுமுன் வரப்பின் மறுபக்கத்தைப் பாருங்கள்: தப்பும் வழியை மெல்லிய மண்ணால் மூடி வைத்திருக்கும். அங்கே ஒருவரை நிறுத்தியபின் வெட்டுங்கள், கூடு வரை ஒரே மூச்சில். வரப்பை 30 செ.மீ.க்கு மேல் அகலமோ உயரமோ விடாதீர்கள். ஒடுங்கின வரப்பில் கூடு வைக்க இடம் பற்றாது.

நெல்மணி பால் பிடித்த பிறகு எலி மருந்து வைப்பது காசுக்குக் கேடு. வயல் முழுக்கச் சோறு இருக்கும்போது உங்கள் மருந்து உருண்டையை எது தின்னும்?

வெறுங்கையால் வளைக்குள் துழாவ வேண்டாம். எலி மூத்திரம் ஊறிய சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும். கையிலோ காலிலோ வெடிப்பு உள்ளவர்கள் வெட்டும் வேலையை வேறு ஆளிடம் விடுங்கள்.