ஸ்விஃப்ட் கிளஸ்டருக்கு இரண்டாவது ப்ராக்ஸி

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் டிசைன் ஃபைல்கள், பல மெஷின்களில் காப்பி வைத்துச் சேமிக்கும் ஓபன்ஸ்டாக் ஸ்விஃப்டில் இருப்பதாக வையுங்கள். ஃபைலுக்கு மூன்று காப்பி. வாசல் மட்டும் ஒன்று: ரிக்வெஸ்ட்டை வாங்கி உள்ளே அனுப்பும் ப்ராக்ஸி சர்வர். ப்ராக்ஸி படுத்தால் மூன்று காப்பி இருந்தும் ஷிப்மெண்ட் நாளில் யாருக்கும் எதுவும் கிடைக்காது.

ப்ராக்ஸி தன்னிடம் டேட்டா வைத்துக்கொள்வதில்லை. அதனால் புது மெஷினில் அதே வெர்ஷனை ஏற்றி அக்கவுண்ட், கன்டெய்னர், ஆப்ஜெக்ட் ரிங் ஃபைல் (எது எந்த டிஸ்க்கில் என்று சொல்லும் வரைபடம்) மூன்றையும் ஸ்விஃப்ட் கான்ஃப் ஃபைலையும் பழையதிலிருந்து காப்பி செய்தால் பாதி வேலை முடிந்தது. கான்ஃபில், ஃபைலின் இடத்தைக் கணக்கிடப் பயன்படும் ஹாஷ் பாத் ப்ரிஃபிக்ஸும் சஃபிக்ஸும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கணும். பிசகினால் இருக்கிற ஃபைலுக்கே 404 (கிடைக்கவில்லை) வரும்; இந்த வழியாக ஏற்றினது அந்த வழியில் தெரியாது. ரிங்கை ரீபேலன்ஸ் செய்யும்போதெல்லாம் புது ப்ராக்ஸிக்கும் அனுப்பி, எம்டி5 செக்சம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்க.

நிறையப் பேர் வழுக்குவது மெமரியில் தற்காலிகமாகச் சேமிக்கும் மெம்கேஷில்தான். ஸ்விஃப்டின் லாகின் வசதியான டெம்ப்ஆத் கொடுக்கும் டோக்கன்கள் (அனுமதிச் சீட்டுகள்) இருப்பது அங்கே. ப்ராக்ஸி கான்ஃபில் எதுவும் போடாவிட்டால் ஒவ்வொரு ப்ராக்ஸியும் தன் 127.0.0.1:11211ஐ மட்டுமே பார்க்கும். லாகின் ஆகும், அடுத்த ரிக்வெஸ்ட் 401 (அனுமதியில்லை), திரும்ப அடித்தால் 200 (சரி). பாஸ்வேர்டைச் சந்தேகித்து அரைநாள் போய்விடும். இரண்டு மெம்கேஷின் ஐபியும் உள்ள ஒரே பட்டியலை இரண்டு ப்ராக்ஸியிலும் எழுதுங்க. மெம்கேஷும் உள் நெட்வொர்க் ஐபியில் கேட்கணும். 11211ஐ வெளியே திறந்து விடாதீங்க. ஒரு மெம்கேஷ் போனால் அதிலிருந்த டோக்கன்களும் போகும், மறுபடி லாகின் செய்துகொள்ளலாம். வேலையைப் பங்கிடும் லோட் பேலன்ஸரில் ஸ்டிக்கி செஷன் (ஒருவரை எப்போதும் ஒரே ப்ராக்ஸிக்கு அனுப்புவது) போட்டு 401ஐ மறைப்பது ஓட்டைக் குடத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டுகிற கதை.

முன்னால் லோட் பேலன்ஸராக எச்ஏப்ராக்ஸியும் இரண்டு, ஒன்று போனால் ஐபியை மற்றதுக்கு நகர்த்தும் கீப்அலைவ்டி வைத்து ஒரே விர்ச்சுவல் ஐபி. போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது; 8080இல் ஹெல்த்செக் பாதைக்கு 200 வருகிறதா என்று 2 விநாடிக்கொருமுறை கேட்டு, 3 தடவை தவறினால் கழற்றிவிடச் சொல்லுங்க. ஹெல்த்செக்கின் டிஸேபிள் பாத்தில் ஒரு ஃபைல் பெயரைக் கொடுத்துவிட்டால் அப்கிரேடுக்கு முன் அந்த ஃபைலை உருவாக்கினாலே போதும், 503 கொடுத்து ப்ராக்ஸி ஒதுங்கிக்கொள்ளும். டிஎல்எஸ் என்க்ரிப்ஷன் எச்ஏப்ராக்ஸியோடு முடிவடைந்தால் டெம்ப்ஆத்தின் ஸ்டோரேஜ் யூஆர்எல் ஸ்கீமை எச்டிடிபிஎஸ் ஆக்கணும். இல்லாவிட்டால் கிளையன்ட்டுக்கு எச்டிடிபி முகவரியே போகும்.

கீப்அலைவ்டியில் ப்ரயாரிட்டி மாஸ்டருக்கு 101, பேக்கப்புக்கு 100. இந்த ஜோடியை அடையாளம் காட்டும் ரவுட்டர் ஐடி இரண்டிலும் ஒன்றே. அதே உள் நெட்வொர்க்கில் வேறு யாரும் அந்த எண்ணை வைத்திருக்கக் கூடாது. எச்ஏப்ராக்ஸி ஓடுகிறதா என்று பார்க்கும் ட்ராக் ஸ்கிரிப்ட் கட்டாயம். இல்லையென்றால் எச்ஏப்ராக்ஸி செத்தாலும் மெஷின் உயிரோடு இருக்கும்வரை ஐபி நகராது. பேக்கப் மெஷினில், தன்னிடம் இல்லாத ஐபியிலும் கேட்க விடும் நான்லோக்கல் பைண்டை 1 ஆக்கினால்தான் எச்ஏப்ராக்ஸி அங்கே முன்கூட்டியே எழும்பும்.

ஜோடி மெஷின் இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டினால் இத்தனையும் வீண். மாதாந்திர பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் சாயந்திரம் வரை நீளும்ங்க, பேட்டரி அவ்வளவு தாங்காது. தனி யூபிஎஸ், தனி ஸ்விட்ச்.

கடைசியாக 2 ஜிபி ஃபைலை ஏற்றிக்கொண்டே மாஸ்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்க. மாஸ்டர் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று அனுப்பும் அறிவிப்பு 1 விநாடிக்கொன்று என்றால் சுமார் 3.6 விநாடியில் ஐபி மாறும். பாதியில் நின்ற அப்லோடு திரும்ப முதலிலிருந்துதான். செக்மென்ட்டாகப் பிரித்து அனுப்பியிருந்தால் அந்தத் துண்டு மட்டும்.