1939ஆம் ஆண்டு ஒரு ரூபாயும் ஏலப் பட்டியலின் பொறுப்பும்

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய், பிரிட்டிஷ் இந்திய நாணயம் சேர்ப்பவர்கள் பல ஆண்டுகள் தேடும் அரிய காசு. இணைய ஏலமொன்றின் பட்டியலில் 'அசல், மிக நல்ல நிலை' என்ற குறிப்புடன் அது வந்தபோது, அந்தக் குறிப்பை நம்பியே ஏலம் கேட்டு எடுத்தேன்.

எடை 11.66 கிராம் சரியாக இருந்தது. நகைக்கடையில் சோதித்தபோது வெள்ளியும் 91.7 விழுக்காடு காட்டியது. ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஆண்டின் கடைசி இலக்கத்தைச் சுற்றி மட்டும் உலோகம் சுரண்டப்பட்டிருந்தது. எளிதில் கிடைக்கும் 1938ஆம் ஆண்டுக் காசின் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கியிருக்கிறார்கள். காசு அசல், ஆண்டுதான் பொய் என்பதால், நம்மில் பலர் சோதனையை நிறுத்திக்கொள்ளும் தராசு இதைக் காட்டிக்கொடுக்காது.

படங்களுடன் எழுதினேன். விற்பனைக்குக் கொடுத்தவர் சொன்னதையே அச்சிட்டதாகவும், தாங்கள் முகவர் மட்டுமே என்றும், பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு என்றும் ஏல நிறுவனம் பதில் அனுப்பியது. படத்தைப் பார்த்து ஏலம் கேட்பவர் எந்த உருப்பெருக்கியை வைத்துப் பார்ப்பது? இந்தப் பதில் என்னை மிகவும் வருத்தியது.

இரண்டாம் கடிதத்தில், விவரத்தின் பேரில் விற்கப்படும் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்னும் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவைச் சுட்டினேன். அதைவிட முக்கியமானது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 230ஆம் பிரிவு: யாருக்காக விற்கிறார் என்று முகவர் பெயர் சொல்லாதபோது, மாறான ஒப்பந்தம் இல்லையெனில், முகவரே பொறுப்பாளி என்று அது கொள்கிறது. காசைக் கொடுத்தவரின் பெயரை அவர்கள் எனக்குச் சொல்லவே இல்லை. சொந்தச் சேகரிப்புக்காக வாங்கியவன் என்பதால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடுவேன் என்றும் எழுதினேன்.

முதலில் ஏல விலை மட்டும் திரும்பியது. மீண்டும் எழுதிய பிறகே அவர்களுடைய கமிஷனும் வரியும் வந்தன. ஆனால் அவர்களின் பழைய முடிவுகள் பட்டியலில் அந்தக் காசு இன்னும் '1939, அசல்' என்றே நிற்கிறது. அதைத் திருத்தும்படி சென்ற வாரம் அடுத்த கடிதம் அனுப்பியிருக்கிறேன்.